உன் கிணற்றுத் தண்ணீரில் வைத்த குழம்பு

என்னைத் தோளில் தூக்கிக் கண்மாய்க் கரையெல்லாம் காட்டிய அண்ணனுக்கு,

உன்னை நினைக்காத நாள் இல்லை. கோபத்தோடு நினைப்பதும் நினைப்புதானே?

உன் மகன் முருகேசன் திருச்சுழி ரோட்டுத் தோட்டத்தை என்ன செய்திருக்கிறான் தெரியுமா? பருத்தி போட்ட மேட்டில் இப்போது வேன் நிற்கிறது. வேனுக்குள்ளேயே படுக்கை, பாத்திரம் எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள், ராமேஸ்வரம் போகும் வழியில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாம். வேப்பமரம், ஒரு குழாய், ஒரு கக்கூஸ், ஒரு லைட்டு. டவுனு லாட்ஜு வாடகையில் கால்வாசிகூட வாங்குவதில்லை. சொல்லிவைத்தால் சாப்பாடும் உண்டு. காட்டில் படுக்கவும் ஆள் வருமா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன்.

சோறாக்கும் அவன் பெண்டாட்டி தலைப்பிரசவத்துக்குப் பந்தல்குடிக்குப் போய்விட்டாள். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வருவதாகச் சொன்னதும், பைக்கை எடுத்துக்கொண்டு நரிக்குடிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு நேரம் ஆக்கிக்கொடுங்கள் அத்தை என்றான்.

நான் உன் உப்பைத் தொடமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். என் மகளுக்குக் காது குத்திய அன்றைக்கு, தாய்மாமன் நீ, பருத்தி லோடு ஏத்த அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டாய். முறையில்லாத ஒருத்தர் மடியில் உட்காரவைத்து என் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். அவள் கட்டியிருந்த பச்சைப் பாவாடையின் கரைகூட எனக்கு மறக்கவில்லை. இனி உன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சபையில் சொன்ன சொல்லுக்காக, உன் சாவு வீட்டிலும் நான் சாப்பிடவில்லை.

ஆக்கிக் கொடுப்பதுதானே, சாப்பிடுவது இல்லையே என்று போனேன். குடிக்கத் தண்ணீர்கூட வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோனேன்.

சமைக்கக் கேன் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் பால் வாங்கப் போனான். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கிணறு இருக்கக் கேனா? நீ படியிறங்கிக் கை நிறைய அள்ளி வந்து என் வாயில் ஊற்றுவாயே, இளநீர் மாதிரி இருக்குமே. வாளியை விட்டு இறைத்தேன். சோறும் அதில், கத்தரிக்காய்க் குழம்பும் அதில். ருசி பார்க்கக் கூடாதே. கண்ணளவுக்கு உப்புப் போட்டு இறக்கிவிட்டேன்.

கோயம்புத்தூர்ப் பெண் சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு வாய்ச் சோறு, ஒரு சொம்புத் தண்ணீர். இரண்டாம் சொம்பையும் அவள் கேட்டபோதுதான் முருகேசன் வந்தான். கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்தவன் அப்படியே நின்றான்.

“அத்தை, கிணத்துத் தண்ணியிலயா வச்சீக? அது உப்பேறி வருசக்கணக்காச்சு. அப்பாவே கடைசில மாட்டுக்குக்கூடக் காட்டல.”

உன் கிணறு எப்போது உப்பானது அண்ணே? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை? யார் சொல்வார்கள், நான்தான் அந்தப் பக்கமே வரவில்லையே.

“நீங்க உப்புப் பாக்க மாட்டீங்களா பாட்டி?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

முருகேசன் என் முகத்தைப் பார்த்தான். வந்தவர்கள் முன்னால் என் வீம்பைப் போட்டு உடைத்திருக்கலாம். கெட்டது அவன் தொழிலின் பேர்தானே?

“அத்தைக்கு பிரஷர் இருக்குக்கா. டாக்டரு உப்பே தொடக் கூடாதுன்னுட்டாரு” என்றான்.

எனக்கு ஒரு பிரஷரும் இல்லை. காது குத்திய அன்றைக்கு அவன் பிறக்கவே இல்லை. உன் தப்பையும் என் கோபத்தையும் அந்தப் பிள்ளை ஒன்றாக வாரி மூடினான்.

“கேனைக் கொண்டு வாடா. வேற உலை வைக்கிறேன்” என்றேன்.

மறுபடி ஆக்கினேன். குழம்பு கொதிக்கும்போது ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. முருகேசன் பார்த்துவிட்டான், பார்க்காதவன் மாதிரி இலையைத் துடைத்தான். எல்லோரும் உண்டபின் எனக்கும் ஒரு இலை போட்டான். உட்கார்ந்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது உனக்கும் எனக்கும் உள்ளது. நான் அங்கே வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன், பதிலை யோசித்து வை. ஆனால் மருமகள் பிள்ளையோடு வந்து சேரும்வரைக்கும் உன் மகன் வீட்டு அடுப்பு என் பொறுப்பு. வேன்காரர்கள் யார் வந்தாலும், நான் ருசி பார்த்த பிறகுதான் குழம்பை இறக்குவேன்.

உனக்குப் பின்னால் பிறந்து உன்னோடு சண்டை தீராத தங்கச்சி,
மாரியம்மாள்