பதினெட்டாம் பெருக்கும் பச்சைத் துண்டும்

ஜூன் 14

மேடு பள்ளம் சமமாக எங்கள் வயலுக்கு இன்று லேசர் மட்டம் போட்டார்கள். அதைப் பார்க்க நான் பள்ளிக்கு மட்டம் போட்டேன். இரண்டில் செலவில்லாதது என்னுடையதுதான்.

அப்பா போன பிறகு இரண்டு வருஷமாக இந்த வயலைப் பெரியப்பாதான் பார்த்தார். இந்தக் குறுவைக்கு அம்மா கேட்டு வாங்கியிருக்கிறாள். "ஒரு போகம் பாரு சாவித்திரி. முடியலன்னா சொல்லு, நானே பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனசோடு சொன்னாரா, நாள் குறித்துவிட்டுச் சொன்னாரா? தெரியவில்லை.

ஜூலை 9

நாற்று வேர் பிடித்துவிட்டது. வேளாண் துறையிலிருந்து ஷமீரா மேடம் வந்து வயலில் குழாய் பதித்தார். சுற்றிலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய், பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. எப்போதும் தண்ணீர் கட்டி வைக்கக் கூடாதாம். குழாய்க்குள் தண்ணீர் மண்ணுக்குக் கீழே ஒரு சாண் இறங்கிய பிறகுதான் மடையைத் திறக்க வேண்டும். இதற்குப் பெயர் காய்ச்சலும் பாய்ச்சலும்.

"காய்ச்சலுக்கு மாத்திரை தருவீங்களா மேடம்?"

"மாத்திரை இல்ல. மானியம்தான்." சரியான ஆள்.

லேசர் மட்டம், குழாய் என்று செலவு முழுவதையும் முதலில் நாங்கள் போட வேண்டும். வயல் காய்ந்திருக்கும்போது மேடம் படம் எடுத்து அனுப்பினால், பாதி திரும்பி வரும். அது வந்தால்தான் சம்பாவுக்கு உழவு. வராவிட்டால் வயல் மறுபடி பெரியப்பா கைக்கு.

பெரியப்பா பெயர் இராஜாங்கம். ஆக, அரசாங்கம் பாதி மானியம், இராஜாங்கம் முழுத் தொல்லை. (சிரித்தது நான் மட்டும்.)

ஜூலை 24

முதல் வெடிப்பு. மயிரிழை அளவுதான். பெரியப்பா பைக்கை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, வயல் வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கே, கண்ணுக்குத் தெரியலயா?"

"அப்படித்தான் விடச் சொல்லியிருக்காங்க மாமா."

"யாரு, கடையில அரிசி வாங்கறவங்களா? நிலா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

"சொல்றேன் பெரியப்பா. வயலே, வாயை மூடு."

பைக் மட்டும் உறுமியது.

ஆகஸ்ட் 2

நாளை மறுநாள் மேடம் படமெடுக்க வருகிறார். தண்ணீர் சரியாக ஒரு சாண் கீழே. அம்மா குழாய்க்குள் எட்டி எட்டிப் பார்க்கிறாள், கிணற்றில் கொலுசைப் போட்டவள் மாதிரி.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. நானும் அம்மாவும் படித்துறையில். புளிச்சாதம் பிரமாதம்.

ஆகஸ்ட் 4

வயல் முழுக்கத் தண்ணி. குழாய் வாய் வரைக்கும் தண்ணி!

மேடம் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வரப்புலயே நின்னாங்க. "இதப் படம் எடுத்து நான் என்னன்னு அனுப்பறது?" பன்னிரண்டாம் தேதிக்குள்ள காஞ்சா வருவாங்களாம். அதோட சரி, முடிச்சிடுவாங்க.

மடையில மண்வெட்டித் தடம். யாருன்னு வேற கேக்கணுமா? இந்த இராஜாங்கத்தைக் கவிழ்க்காம விடறதில்ல.

ஆகஸ்ட் 5

சிறிய அளவில் கவிழ்த்தாயிற்று. விவசாயச் சங்கக் கூட்டத்துக்குப் போட்டுப் போகிற பச்சைத் துண்டு, பெரியப்பா வீட்டுக் கொடியில் காய்ந்தது. ஒரு மூலையை வெட்டிக்கொண்டு மீதியை மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். வெட்டியதை ஈர்க்கில் கட்டி, அடியில் தெர்மகோல் உருண்டை செருகிக் குழாய்க்குள் விட்டேன். தண்ணீரில் மிதந்து நிமிர்ந்து நின்றது. கொடியில் கிடந்தது கொடியாகிவிட்டது. தண்ணீர் வற்ற வற்ற தன் கொடி இறங்குவதை ரோட்டிலிருந்து தினம் பார்க்கட்டும்.

சாயங்காலமே வந்தார். கொடியைப் பார்த்தார், தோளிலிருந்த துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"மடையைத் திறந்தது நீங்களா மாமா?"

"நான்தான். பெருக்கு அன்னிக்கு ஊரே ஆத்துல நிக்குது. என் தம்பி வயல் மட்டும் வெடிச்சுக் கெடக்கறதா? பாத்துட்டு எப்படிம்மா போவேன்?"

மறைக்கவே இல்லை. புண்ணியம் செய்த முகம். அம்மா மானியத்தைச் சொன்னாள்; அது வராவிட்டால் என்ன ஆகும் என்றும் சொன்னாள். அவருக்குத் தெரியாதாம்.

"வயலப் புடுங்கத்தான் தண்ணி விட்டேன்னு நெனச்சியா?"

நான் அப்படித்தானே நினைத்தேன்.

ஆகஸ்ட் 8

கொடி இறங்குகிறது. டீக்கடையில் பால் விலைக்கு முன்னால் கொடியை விசாரிக்கிறார்கள்.

பெரியப்பா மடையைச் சேறு வைத்து அடைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறார். இரக்கப்பட்டு வேறு யாரும் திறந்துவிடக் கூடாதாம். "என்ன பெரியப்பா, காவலா?" "காத்து வாங்கறேன் போடி." தோளில் மூலை இல்லாத துண்டு. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 10

மழை. கொடியேற்றம் எனக்குப் பிடிக்காத விழாவாகிவிட்டது.

ஆகஸ்ட் 12

மழைத் தண்ணீரைப் பெரியப்பா நேற்றே வரப்பை வெட்டித் தன் வயலுக்கு இறக்கிவிட்டிருந்தார். ஆனாலும் ஒரு சாண் இல்லை, நாலு விரல் குறைச்சல். மேடம் ஸ்கேலை விட்டுப் பார்த்தார். அம்மா ஸ்கேலைப் பார்க்காமல் மேடத்தைப் பார்த்தாள்.

"உள்ளதை உள்ளபடி அனுப்பறேன்மா. மழையையும் எழுதறேன். மேல ஒத்துக்கணும்."

படத்தில் கொடியும் விழுந்திருக்கிறது.

செப்டம்பர் 27

அறுப்பு முடிந்தது. நெல் எங்கள் வயலிலும் பெரியப்பா வயலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியப்பா கையில் அள்ளி, ஊதி, கடித்துப் பார்த்தார். "ம்" என்றார். மானியம் இன்னும் "பரிசீலனையில்". அம்மா சம்பா பேச்சையே எடுப்பதில்லை.

அக்டோபர் 5

விடிந்ததும் டிராக்டர் சத்தம். எங்கள் வயலில். அம்மா தலையை முடிந்துகொண்டே ஓடினாள்.

"மாமா, மானியம் இன்னும் வரல..."

"வரப்ப வரட்டும். அதுக்காக உன் வயல் காத்துக் கெடக்குமா?"

உன் வயல் என்றார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அவர் தோளிலிருந்த துண்டை உருவி என் மேல் போட்டார். "அடுத்த மூலையையும் வெட்டு. மேடத்துக்கிட்ட எனக்கும் ஒரு குழாய் சொல்லியிருக்கு."

ஒரு கிண்டல்கூட வரவில்லை எனக்கு. கத்தரிக்கோல் எங்கே என்று அம்மாவைக் கேட்டேன்.