டம்ளரை ஊதும் பெண்

நாமக்கல்,
யுவ வருஷம் மாசி 3 (1936)

அன்புள்ள பெரியநாயகிக்கு, காளியண்ணன் எழுதிக்கொண்டது. நரசிம்மர் புண்ணியத்தில் இங்கே ஒரு குறையும் இல்லை. உனக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

பெட்டி திரும்பி வந்துவிட்டது. பயந்துவிடாதே, கடைசிவரை படி.

மார்கழியில் மதராஸ் பட நிலையத்துக்கு அனுப்பினேனே, அந்தப் பெட்டிதான். ஊர் ஊராகப் படம் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பத்திரிகைக்கும் பாடப் புத்தகத்துக்கும் கம்பெனி விளம்பரத்துக்கும் வேண்டியதை எடுத்துக் கொடுப்பவர்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நாற்பது படம் அனுப்பினேன். கோட்டை மேல் விடியல் வெளிச்சம் விழுவதற்காகப் பதினேழு நாள் மலையேறினேன். கொல்லிமலை அருவிக்குக் காமிராவையும் முக்காலியையும் சுமந்துபோய் அட்டை கடித்த தழும்பு இன்னும் காலில் இருக்கிறது. இதுவும் திரும்பி வந்தால் கடையைச் சாத்திவிட்டு உங்கள் காட்டுக்கு ஏர் பிடிக்க வருகிறேன் என்று உன் அய்யனிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் நேற்றுத் தபால்காரர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது எனக்குக் கயிற்றை அவிழ்க்கக்கூடக் கை வரவில்லை. அவிழ்த்து எண்ணினேன். கோட்டை, அருவி, தேர், ஜமீன்தார் யானை, நாற்பதும் அப்படியே இருந்தன.

ஆனால் ஒன்றோடொன்று உரசாமலிருக்க நடுநடுவே உதவாத படங்களை வைத்துக் கட்டினேன் அல்லவா? புது லென்ஸைச் சோதிக்க எடுத்தவை, மிச்சமான பிளேட்டில் எடுத்தவை. அதில் ஆறு படங்களைக் காணோம்! அந்த ஆறைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் பெரியநாயகி! ராசிபுரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற ஆள், சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கிற கை, இப்படி ஆறு. அதில் மூன்று இதற்குள் விலைபோய்விட்டன. சைக்கிள்காரனை மட்டும் இரண்டு பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கூடவே மானேஜர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். கோட்டைப் படம் அவரிடம் ஏற்கெனவே அறுபத்திரண்டு இருக்கிறதாம். வருஷத்துக்கு ஒருவர் கேட்டால் அதிகமாம். காற்றடிக்கிற ஆள் ஒருவன்கூட இல்லை, அதை மாதத்துக்கு மூன்று பேர் கேட்கிறார்களாம். டயர் கம்பெனிக்கு அவன் வேண்டும், பாடப் புத்தகத்துக்கு அவன் வேண்டும், சைக்கிள் வரி கூடினால் பத்திரிகைக்கும் அவன்தான் வேண்டும். இனிமேல் எடுக்கும்போது தலைக்கு மேலே எழுத்துப் போட இடம் விட வேண்டுமாம். கடைப் பலகை தெரியக்கூடாது. எந்த ஊர் என்றே தெரியாவிட்டால் இன்னும் நல்லதாம். “அருவியைப் பார்க்கிறவர் அருவியைத்தான் பார்க்கிறார், உங்கள் சைக்கிள்காரனைப் பார்க்கிறவர் தன் தம்பியைப் பார்க்கிறார்” என்று எழுதியிருக்கிறார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பதினேழு நாள் மலையேறியவன் அல்லவா! அப்புறம் இரண்டாம் தடவை படித்தேன். காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

என்ன சொல்ல! இத்தனை நாள் இந்த ஊரில் நான் குருடனாக நடந்திருக்கிறேன். குடைக் கம்பி சரிபார்க்கிறவர், திண்ணைப் பள்ளிக்குச் சிலேட்டு கொண்டுபோகும் பிள்ளைகள், கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கிறவர், எல்லாம் படம்! பக்கத்து வீட்டு மாரியாயி முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு படம் எடுக்கட்டுமா என்றேன். “ஏனுங்க, கல்லுப் பொறுக்கறதையெல்லாமா படம் புடிப்பாங்க? இருங்க, பட்டுச்சீல கட்டிக்கிட்டு வாரேன்” என்று எழுந்தாள். கும்பிடாத குறையாக உட்கார வைத்தேன்.

இப்போது பெரிய விஷயம். அந்த ஆறில் ஒன்று உன்னுடையது. சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து டம்ளரை ஊதுகிறாயே, அது. ஒரு தேயிலைக் கம்பெனி அதைப் பார்த்துவிட்டு வேறு எதையும் பார்க்கமாட்டேன் என்கிறதாம். பெரிய தாளில் அச்சடித்து ஜில்லா ஜில்லாவாக பஸ் நிற்கிற இடம், சந்தைப்பேட்டை, டீக்கடை எல்லாவற்றிலும் ஒட்டப்போகிறார்கள். இந்த ஒரு படம் போதும், ஒரு வருஷத்துக்கு நம் கடை நிற்கும். முகம் தெரிகிற பெண் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமென்று ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். மறுதபாலில் அனுப்பிவிடு.

அய்யனுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம். வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலை தலைக்கு மேல் இருப்பதால் இந்த மாதமும் வர முடியுமோ என்னவோ.

இப்படிக்கு, மிக்க சந்தோஷத்துடன்,
காளியண்ணன்

* * *

மல்லசமுத்திரம்,
மாசி 8

மாமா அவர்களுக்குப் பெரியநாயகி வணங்கி எழுதுவது. எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீங்கள் தெருவில் ஓடியதை நினைத்து ஒரு தடவை வாய்விட்டே சிரித்துவிட்டேன். பெட்டி திரும்பி வந்தும் ஏர் பிடிக்க வரமாட்டீர்கள் என்று தெரிந்ததில் அய்யனுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன்.

அண்ணன் சொன்னதற்காக என்று நினைக்காதீர்கள். அவர் சொன்னது உண்மைதான். “எந்தங்கச்சி மூஞ்சியச் சந்தப்பேட்டச் செவுத்துல ஒட்டறதா? வெத்தலை போட்டுத் துப்பறவனெல்லாம் அது மேல துப்புவான். வரட்டும் உன்ற ஊட்டுக்காரன்” என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அய்யன் சத்தம் போடவில்லை. காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். “உம் மொகம் சாமி. நீயே பாத்துச் சொல்லு” என்றார்.

நான் பார்த்தேன். அன்றைக்கு டம்ளரில் ஒன்றுமே இல்லை, நினைவிருக்கிறதா? பால் தீர்ந்துபோயிருந்தது. சும்மா ஊது என்றீர்கள். வெறும் டம்ளரை ஊதச் சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, “பாத்து, நாக்கு சுட்டுறப் போவுது” என்றீர்கள். அதற்குத்தான் எனக்கு அந்தச் சிரிப்பு வந்தது. தேயிலைக் கம்பெனிக்காரர்கள் டீயின் ருசி என்று நினைத்திருப்பார்கள். அது உங்களுக்குச் சிரித்த சிரிப்பு மாமா. ஊரெல்லாம் அதை ஒட்டினால் அப்புறம் உங்களைப் பார்த்து நான் எப்படிச் சிரிப்பது? கடைக்கு அது எத்தனை பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். அனுப்புவதற்கு முன்னாலேயே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனால் மானேஜர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் படமாகவே தெரிகிறது. நாமக்கல்லில் கிடைக்காதவை இங்கே இருக்கின்றன. இப்போது புளி உலுக்குகிற காலம். மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து கொட்டை எடுக்கிறார்கள். பேசிக்கொண்டே எடுப்பதால் யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள். எதிர்வீட்டில் கன்றுக்குட்டியை இழுத்துக் கட்டுகிற பெண் தினமும் அதனிடம் தோற்றுப்போகிறாள். வண்டிக்காரர் சடையன் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிற அழகுக்குத் தேயிலைக் கம்பெனி என்னை மறந்துவிடும். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைப்பதை மட்டும் எடுக்காதீர்கள். அது மானேஜரிடம் நூறு இருக்கும். வெளிச்சம் காலை எட்டு மணிக்கு நன்றாக இருக்கிறது. நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மருத்துவச்சி ஆராயி வந்து பார்த்தாள். “கொழந்த குறுக்கால கெடக்குது சாமி, பயப்படாத, திரும்பிக்கும்” என்றாள். பக்கத்துத் தோட்டத்து வசந்தாமணியை உங்களுக்குத் தெரியும், நம் கல்யாணத்தில் எனக்குத் தலை பின்னினவள். போன வெள்ளிக்கிழமை பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தை இருக்கிறது. இதையெல்லாம் எழுதக்கூடாது என்று அம்மா சொன்னாள்.

புளி உலுக்குவது இன்னும் பத்து நாள்தான் இருக்கும். அதற்குள் வந்தால்தான் படம் கிடைக்கும். பிறகு வந்து பிரயோஜனமில்லை. சீக்கிரம் வாருங்கள் மாமா.

இப்படிக்கு,
பெரியநாயகி

* * *

மல்லசமுத்திரம்,
மாசி 28

மதராஸ் பட நிலையம் மானேஜர் அவர்கள் சமூகத்துக்கு, நாமக்கல் போட்டோகிராபர் காளியண்ணன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களும் நாமக்கல் போய், அங்கிருந்து திருப்பப்பட்டு முந்தாநாள்தான் இங்கே கிடைத்தன. பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்க வேண்டும். காரணம் இருக்கிறது. எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள்!

என் மனைவியின் கடிதம் கிடைத்த அன்றே கடையைச் சாத்திவிட்டுப் புறப்பட்டேன். திருச்செங்கோடு வரை பஸ். அதற்கு மேல் வண்டிக்குக் காத்திருக்க முடியாமல் காமிராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தேன். பதினைந்து நாள் இங்கேயேதான் இருந்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி தினமும் எண்ணெய் போட்டு நீவிவிட்டுப் போவாள், திரும்பியதா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். வீட்டில் உட்கார்ந்தால் எனக்குப் பயித்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. என் மனைவிதான் என்னை வெளியே விரட்டினாள். கட்டிலில் படுத்தபடியே, இன்று புளி மரத்தடி, நாளை கன்றுக்குட்டி என்று சொல்லி அனுப்புவாள். எடுத்து வந்து, எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சரியில்லை என்று பட்டால் மறுபடி போகச் சொல்வாள். இத்துடன் உள்ள இருபத்துமூன்று படங்களும் அவள் சொல்லி நான் எடுத்தவை. ஒன்றிலும் கோட்டை இல்லை, அருவி இல்லை. தலைக்கு மேலே வேண்டிய மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் குழந்தை திரும்பியது. அதற்கு மூன்றாம் நாள், ஏர் பூட்டுகிற நேரத்தில், ஆராயி கதவைத் திறந்து வெளியே வந்தாள். “பொட்டப்புள்ளைங்க. ரெண்டு உசுரும் நல்லா இருக்குதுங்க. அழுவாதீங்க சாமி, போயி மூஞ்சியக் கழுவிக்கிட்டு வாங்க” என்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடிதம் முழுவதும் பெண், பெண் என்றே கத்தியிருப்பேன், தங்களுக்கு எழுதுகிறோமே என்று அடங்கியிருக்கிறேன். தங்கையின் படத்தைச் சுவரில் ஒட்டுவதா என்று என்மேல் கோபமாயிருந்த மைத்துனர் சின்னராஜ் அன்றைக்கு என் தோளைக் கட்டிக்கொண்டார். அந்தக் கோபத்தை இருவருமே மறந்துவிட்டோம்.

தேயிலைக் கம்பெனி விஷயம். டம்ளரை ஊதும் பெண்ணின் படத்தைக் கொடுப்பதற்கில்லை. அவளைக் கேட்காமல் அதைப் பெட்டியில் வைத்தது என் தவறு. தயவுசெய்து அந்தப் பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குப் பதிலாகச் சடையன் என்கிற வண்டிக்காரர் டீ குடிக்கிற படம் வைத்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தால் தங்களுக்கும் ஒரு டம்ளர் குடிக்கத் தோன்றும். சம்மதக் காகிதத்தில் அவருடைய கைநாட்டு இருக்கிறது. எந்தச் சுவரில் முதலில் ஒட்டுவார்கள் என்று தினமும் வந்து கேட்கிறார். கம்பெனி இவரை வேண்டாமென்று சொல்லி, அதனால் தங்களுக்கு நஷ்டம் வந்து, இனிமேல் என் படம் வேண்டாமென்று தாங்கள் எழுதினாலும் நான் வருத்தப்பட உரிமையில்லை. ஆனால் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். இப்படிப்பட்ட படங்களை நான் ஆயுசு முழுவதும் எடுப்பேன். இங்கே புறப்படும் முன் நான் அனுப்பிய, மாரியாயி கல் பொறுக்குகிற படத்துக்கு அதற்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள் என்று தங்கள் இரண்டாம் கடிதத்தில் படித்து, மாமனார் அதைத் தெருவில் நான்கு பேருக்காவது படித்துக் காட்டிவிட்டார்.

அதே கடிதத்தில் தாங்கள் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். தாயும் கைக்குழந்தையுமாக ஒரு படம் இருந்தால் சோப்புக் கம்பெனி, பால்மாவுக் கம்பெனி, ஆஸ்பத்திரி, பாடப் புத்தகம் என்று பத்து வருஷத்துக்கு ஓயாமல் விலைபோகும், உலகத்திலேயே அதிகமாகக் கேட்கப்படுகிற படம் அதுதான், உங்கள் வீட்டிலேயே எடுத்து அனுப்பலாமே என்று. தாங்கள் சொல்வது முழுக்கச் சரி. எந்த வீட்டிலும் இருக்கிற காட்சி, யாருடைய வீடாகவும் இருக்கலாம்.

எடுத்தேன். நேற்றுக் காலை எட்டு மணி வெளிச்சத்தில், ஒரே ஒரு பிளேட்டு. மிக நன்றாக வந்திருக்கிறது. இந்தப் பார்சலில் அது இல்லை. தாங்கள் பெரியவர், எங்கள் மூவரையும் மனதார ஆசீர்வதிக்க வேண்டும். அந்தப் படத்தை மட்டும் என்னிடம் கேட்கக்கூடாது.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
காளியண்ணன்