ஞானத்தந்தைக்கு மூன்று வகுப்புகள்

லாவென்ட்டில் குன்று
ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய மிஸ் லெஸாமா,

நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். தெருச்சண்டையை நிறுத்தும் எங்கள் குழுவுக்கு ஓர் உதவி வேண்டும். மேல்குன்றுக் கும்பலின் தலைவன் மார்வின், தன் மகளின் ஞானஸ்நானத்துக்குக் கீழ்த்தெருத் தலைவன் எரோலை ஞானத்தந்தையாகக் கேட்டிருக்கிறான். எரோலும் சம்மதித்துவிட்டான். அதன்பின் இருவரும் உறவு. உறவின்மேல் துப்பாக்கி தூக்க இங்கே யாரும் துணியமாட்டார்கள். எட்டு மாதம் அலைந்து கிடைத்த சமாதானம் இது. ஆனால் ஞானஸ்நானத்துக்கு முன் தகப்பனும் ஞானத்தந்தையும் படிக்கவேண்டிய உங்கள் மறைக்கல்வி வகுப்பில் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்கப் பயமாயிருக்கிறது. வகுப்பில்லாமல், கோவிலில் காட்டவேண்டிய சான்றிதழைத் தருவீர்களா?

பணிவுடன்,
லெரோன் ஜோஃபீல்ட்


ஏப்ரல் 26

திரு. ஜோஃபீல்ட் அவர்களுக்கு,

தரமாட்டேன். நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் பாதிப் பாடத்துக்கு எனக்கு யாரும் முழு மதிப்பெண் போட்டதில்லை. மூன்று சனிக்கிழமை, மாலை மூன்று மணி, என் வீட்டு முன்னறை. துப்பாக்கி வாசலைத் தாண்டக்கூடாது. தொப்பியும்தான்.

ஹயசிந்த் லெஸாமா


மே 11

திரு. ஜோஃபீல்ட் அவர்களுக்கு,

இரண்டு வகுப்புகள் முடிந்தன. முதல் நாள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார இருவருமே மறுத்தார்கள். நாற்காலிகளை வாசலைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். நேற்று விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்லும்போது எரோல் தடுமாறினான்.

"டேய், இயேசுவக் கொல்ல உத்தரவு போட்ட பிலாத்து பேரையே விட்டுட்டியே. அவன் உன் ஆளுங்கள்ல ஒருத்தன்னுல்ல நெனச்சேன்" என்றான் மார்வின்.

"நீ புத்தகத்த மூடிட்டுச் சொல்லு பாப்போம்."

மார்வினின் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். படியிறங்கும்போது, "இந்தம்மா போலீஸவிட மோசம்டா" என்று எரோல் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

ஹயசிந்த் லெஸாமா


மே 17

மிஸ் லெஸாமா,

எரோல் இன்று வகுப்புக்கு வராததற்குக் காரணம் உண்டு. மேல்குன்றுக்காரன் ஒருவன் மார்வினைக் கேட்காமல் எரோலின் அண்ணனைக் காலில் சுட்டுவிட்டான். உயிருக்கு ஆபத்தில்லை. எரோலின் ஆட்கள் பழிவாங்கத் துடிக்கிறார்கள். ஞானஸ்நானம் தள்ளிப்போனால் எல்லாம் போயிற்று. மூன்றாம் வகுப்பை மட்டும் விட்டுக்கொடுங்கள்.

லெரோன்


மே 20

அன்புள்ள லெரோன்,

விட்டுக்கொடுக்கவில்லை. திங்கள் மூன்று மணிக்கு வரச்சொல்லி இருவருக்கும் சீட்டனுப்பினேன். மார்வின் முன்னதாகவே வந்துவிட்டான். மூன்று அடித்தது. பக்கத்து நாற்காலி காலி. அடுத்த பத்து நிமிடமும் நான் செபமாலையைத் தேடினேன் என்பது நம்மோடு இருக்கட்டும்.

எரோல் வந்து நின்றுகொண்டே பேசினான்.

"சுட்டது உன் ஆளு."

"தெரியும். அவன் துப்பாக்கிய வாங்கி வெச்சுட்டேன். உங்கண்ணன் முன்னாடி அவன நானே கூட்டிட்டு வந்து நிறுத்தறேன்."

எரோல் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"எங்க விட்டோம், மிஸ்?" என்றான்.

பிரமாணத்தைப் பிழையில்லாமல் சொன்னான். சான்றிதழில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பத்து நிமிடம் தாமதம் என்பதையும் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

அன்புடன்,
ஹயசிந்த்