வளையத்தில் நழுவிய மட்டிகள்

சான் எலோய் தீவு,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள நூவியா அக்காவுக்கு,

உன் தங்கை லெய்டி எழுதுகிறேன். ஸ்பெயினில் குளிர் கொஞ்சமாவது குறைந்ததா? நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் இப்போது உன்னைத் தூங்க விடுகிறாரா? இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. மழையில் பெயர்ந்த கூரைத் தகட்டை வில்மர் மாமா வந்து அடித்துக் கொடுத்தார். கூலியாக ஒரு முழு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு போனார்.

தொலைபேசி இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டுத் தொலைபேசி எப்போதும் சத்தமாகவே பேசும். நீ தும்மினால் தெருவே உனக்கு மருந்து சொல்கிறது. அதோடு, இதை என்னால் வாயால் சொல்ல முடியாது. செவ்வாயன்று விமானம் ஏறும் டெய்சி இதைக் கொண்டுவருகிறாள், காய்ந்த இறால் பொட்டலத்துக்குள் வைத்து. காகிதம் நாறினால் மன்னித்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்காக ஓய்வு நிலத்தில் மட்டி எண்ணிக்கை எடுக்கப் போனேன். அலையாத்திக் காட்டின் வடக்குத் துண்டு அது. இரண்டு வருடமாக மட்டி எடுக்கும் சங்கத்துப் பெண்கள் யாரும் அங்கே கை வைக்கவில்லை. மட்டி பெருகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். காட்டை அவர்கள் காக்க வேண்டும், அதற்குப் பதிலாக அங்கே அவர்கள் மட்டுமே மட்டி எடுக்கலாம் என்று அரசோடு போட்ட பத்து வருட ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. 28ஆம் தேதி தலைநகர் கீட்டோவில் கூட்டம். புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்பது பெரும்பாலும் என் எண்ணிக்கையைப் பொறுத்தது. கரையிலிருந்து பெண்கள் வழக்கம்போலக் கத்தினார்கள்: “அளவுகோல் வந்துடுச்சுடி, மட்டியை எல்லாம் மறைங்க!” நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு படகில் ஏறினேன்.

பத்துக் கட்டங்கள் குறித்து, வேர்களுக்கு இடையே தோள்வரை கையை விட்டுத் தேடினேன். ஜனவரியில் இருந்ததில் பாதிகூட இல்லை. மறுபடி எண்ணினேன். தண்ணீர் ஏறத் தொடங்கியும் எண்ணிக்கொண்டே இருந்தேன். திரும்பும்போது ஒரு வேரில் புகைச் சட்டி தொங்குவதைப் பார்த்தேன். கொசுவுக்குத் தேங்காய் நார் புகைப்போமே, அந்தச் சட்டி. பிடியில் பச்சைக் கம்பி, மூன்று முறுக்கு. அப்படி முறுக்கியவர் அப்பா ஒருவர்தான் அக்கா.

அதைக் கையில் எடுத்த பிறகுதான் அப்பா இறந்த ஒன்பதாம் நாள் விருந்து நினைவுக்கு வந்தது.

அன்று நீ இல்லை. மூன்று தீவுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த வாரம் பெரும் மழை, நன்னீர் இறங்கியதால் திறந்திருந்த நிலங்களில் மட்டியே அகப்படவில்லை. ஆனாலும் தேங்காய்ப்பாலில் வெந்த மட்டி பாத்திரம் பாத்திரமாக வந்துகொண்டே இருந்தது. என் தட்டில் விழுந்தவை சின்னவை. கையில் எடுத்ததுமே தெரிந்தது, அப்பா கொய்யா மரத்தில் கடைந்த அளவு வளையத்தில் வைத்தால் நழுவி விழும், திரும்பச் சேற்றில் விட வேண்டிய மட்டி. அந்த வளையங்கள் அவர் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கின. நான் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நீ அம்மாவிடம் தொலைபேசியில், அப்பாவுக்கு எதுவும் குறையக் கூடாது என்று அழுதாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நானும் பக்கத்தில் நின்று அதையேதான் நினைத்தேன்.

எண்ணிக்கைத் தாளைக் கொடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஜனவரி எண்ணையே திரும்ப எழுதிவிடலாம் என்று ஒரு முறை பேனாவும் எடுத்தேன். எங்கள் இயக்குநர் அம்பாரோ டெல்யோவை உனக்கு நினைவிருக்கும். பத்து வருடம் முன்பு அலுவலகச் செருப்போடு சேற்றில் இறங்கி முழங்கால்வரை புதைந்தவர். அப்பாதான் இழுத்துக் கரையேற்றினார். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. அது வேர்விட்டு இப்போது செருப்பு மரமாகியிருக்கும் என்று பெண்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். காட்டுக் கோப்பு மாடியிலும் மீன்பிடி வியாபாரக் கோப்பு கீழேயும் தனித்தனியாகக் கிடந்த அலுவலகம் இது. அவர் வந்து இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டித் தன் மேசையில் வைத்தார். மேலதிகாரிகள் பிரிக்கச் சொல்லிக் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர் பிரிக்கவில்லை. காட்டை வைத்துத்தான் சம்பாத்தியம், சம்பாத்தியம் இருந்தால்தான் காட்டுக்குக் காவல் என்பது அவர் பேச்சு. பெரிய மட்டிக்கு நகரத்து உணவகங்கள் கூடுதல் விலை கொடுக்க வைத்ததும் அவர்தான். நான் படித்தது அந்த விலையில்.

தாளையும் புகைச் சட்டியையும் அவர் மேசைமேல் வைத்தேன். விருந்தில் நான் சாப்பிட்டதைத் தாளின் அடியில் எழுதியிருந்தேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடைத்துப் போயிருந்த அந்தக் கோப்புகளின்மேல் வைத்தார். பிறகு சொன்னார்:

“நானும் வந்திருந்தேன், லெய்டி. பதினொண்ணு சாப்பிட்டேன். சின்னதுன்னு எனக்கும் தெரிஞ்சுது. அதையும் எழுது.”

அவருக்கு வேலையே போகலாம் அக்கா. மறைத்துவிடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறைத்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றே கீட்டோவுக்குத் தன் பங்கைக் கடிதமாக எழுதி, இந்த விஷயத்தில் முடிவெடுக்கும் இடத்தில் தான் உட்காரக் கூடாது என்று விலகிவிட்டார். அடுத்து ஒன்று கேட்டார். நடந்ததைச் சங்கமே எழுதிக் கொடுக்க வேண்டும், வருகிற வெள்ளிக்கிழமைக்குள். இனி சாவு வீட்டுக்கென்று ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லி, வளையம் போட்டு எண்ணி எடுப்போம் என்று அதே கடிதத்தில் ஒரு விதியும் கேட்கலாம். “அவங்களே சொன்னா அது காவல். அடுத்தவன் சொன்னா திருட்டு,” என்றார்.

அந்த அடுத்தவன் காத்திருக்கிறான். ரெமான்சோ இறால் பண்ணைக்கு வடக்குத் துண்டின்மேல் எத்தனை நாள் கண் என்று உனக்குத் தெரியும். போன வாரம் அவர்கள் படகு இரண்டு முறை அந்தப் பக்கம் சுற்றியது. ஊரிலும் எல்லோரும் நம் பக்கம் இல்லை. வில்மர் மாமா கூரைமேல் உட்கார்ந்துகொண்டே கேட்டார்: “மட்டிக்கு ரெண்டு வருஷம் ஓய்வு குடுக்குறீங்களே, எனக்கு எப்பம்மா குடுப்பீங்க?” சிரித்தேன். ஆனால் அவர் மகனுக்குப் பண்ணையில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்டது முழுக்க வேடிக்கையும் இல்லை.

சங்கத் தலைவி அம்மா. கையெழுத்து அம்மாவுடையது. முந்தாநாள் மாலை, அம்மா மட்டி கழுவிக்கொண்டிருக்கும்போது, அலுவலகத்திலிருந்து திரும்ப எடுத்துவந்த சட்டியை முன்னால் வைத்தேன். அம்மா அதை எடுத்துக் கம்பி முறுக்கைத் தடவிப் பார்த்தாள். எங்கேயோ தொலைந்தது என்று தேடிக்கொண்டிருந்தேனே என்றாள். கோபமே இல்லை. நான் வெள்ளிக்கிழமைக் கடிதத்தைப் பற்றித் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“உங்கப்பன் சாவுச் சோத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போடணுமா? உன்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?”

அதன் பிறகு என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். என் துணியைத் துவைத்து மடித்துக்கூட வைத்திருக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. மற்றப் பெண்களும் எதுவும் சொல்வதில்லை. அன்று அவளோடு இறங்கிய ஆறு பேரும் தலைவி வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். இன்று காலை படகுத்துறைக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். என்னை யாரும் அளவுகோல் என்று கூப்பிடவில்லை. அந்தக் கேலி எனக்கு இவ்வளவு வேண்டியிருந்தது என்று அதுவரை தெரியவில்லை.

நான் அதிகாரியாக இதை எழுதுகிறேனா, மகளாக எழுதுகிறேனா என்று எனக்கே தெளிவில்லை. எண்ணிக்கைத் தாள் போய்விட்டது. அதைத் திருப்ப முடியாது, திருப்பவும் மாட்டேன். அம்மா எழுதிக் கொடுக்காவிட்டால் என் தாள் மட்டும் கீட்டோவில் இருக்கும். அதில் இருப்பது வெறும் எண். மழையும் இருக்காது, அப்பாவும் இருக்க மாட்டார். அந்த எண்ணை வைத்தே பண்ணைக்காரர்கள் காட்டை வாங்கிப் போய்விடுவார்கள்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். வியாழக்கிழமை, இங்கே நடுப்பகலாக இருக்கும்போது அம்மாவைக் கூப்பிடு. அப்போது நீரேற்றம், மட்டி எடுக்கப் போக முடியாது, தனியாக வலை பின்னிக்கொண்டிருப்பாள். நான் எழுதியதாகச் சொல்லாதே. கையெழுத்தைப் பற்றியும் பேசாதே. அப்பாவின் விருந்து எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள், எத்தனை பாத்திரம் வைத்தீர்கள் என்று மட்டும் கேள். நீ இன்னும் அதை அவளிடம் கேட்கவே இல்லை அக்கா. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு அவள் சொல்வாள். மழை பெய்ததையும், எந்தப் பக்கம் போனார்கள் என்பதையும், போகும்போது அழுதாளா என்பதையும். உன்னிடம் ஒரு முறை சொல்லிவிட்டால், அதையே காகிதத்தில் எழுத அவளுக்கு என் உதவி வேண்டியிருக்கும். நான் பக்கத்து அறையில் பேனாவோடு இருப்பேன்.

சட்டியை அம்மா அப்பாவின் வளையங்களோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டாள். இன்று காலை அதில் புதிய தேங்காய் நார் அடைத்திருந்தது.

கடல் அன்னை உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. வியாழக்கிழமையை மட்டும் மறந்துவிடாதே.

என்றும் உன்,
லெய்டி