வாகனத்துக்குக் கொழுக்கட்டை

2025 ஆகஸ்ட் 25, திங்கள்

பன்னிரண்டு பெண் வயல் சுண்டெலிகளுக்கும் சினைச்சுழற்சி நின்றுவிட்டது! தீனியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து இன்றோடு பதினெட்டு நாள். ஒன்றுகூடச் சினைக்குத் தயாராக இல்லை. என் கைடு கஸ்தூரிரங்கன் சார் இருபது வருடமாகச் சொல்வது இதுதான்: உடம்பில் கொழுப்பு சேர்ந்தால்தான் லெப்டின் ஏறும், அந்த ஹார்மோன் மூளைக்குத் தகவல் சொன்னால்தான் சினைக்காலம் தொடங்கும். இனி மெல்லக் கொழுக்கவைத்து அதைக் காட்டினால் போதும். டிசம்பருக்குள் தீசிஸில் கையெழுத்துப் போட்டுவிடுவார். மூன்று வருட உழைப்பு!

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி லீவு. எலி ரூமை லேப் அட்டெண்டர் துரை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். வெள்ளி வரை அம்மா வீட்டில் தூக்கம்தான்.

ஆகஸ்ட் 30, சனி

என்ன நடக்குது இங்க? யோனித் திரவம் தொட்டெடுத்துப் பார்த்த ஸ்மியரில் ஏழு எலி சினைக்குத் தயார். ஏழு! எடையோ ஏறவே இல்லை. கூண்டு மாறிப்போச்சா? நான்தான் தப்பா எழுதினேனா? ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டேன். ஐந்தாம் கூண்டு உமிக்குள் ஒரு தேங்காய்த் துருவல் — யார் போட்டது?

செப்டம்பர் 1, திங்கள்

துரை அண்ணனைக் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். மனிதர் அசரவில்லை.

"இன்னாமா நீ? சதுர்த்தி அதுவுமா பிள்ளையார் வாகனத்த அரை வயிறா போட்டு வெச்சா நல்லாவா கீது? சிலைய கடல்ல கரைக்கிற வரைக்கும், மூணு நாளு, ஆளுக்கு ஒரு துண்டு கொழுக்கட்ட குட்த்தேன். அவ்ளோதான்."

எங்கள் வீட்டில் சர்ச் மட்டும்தான். ஆனாலும் கருங்குழியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? அழுகை அழுகையாக வந்தது. மத்தியானம் சோற்றில் கை வைத்தவள் அப்படியே எழுந்துவிட்டேன். மூன்று நாள் தின்றதற்கே தயாராகிவிட்டனவா? கொழுப்பே சேராமல்?

செப்டம்பர் 4, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. லெப்டின் ஏறியிருக்கிறது! 'எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறாய்' என்று மூளை கேட்கவில்லை, 'இந்த வாரம் என்ன சாப்பிட்டாய்' என்றுதான் கேட்கிறது! சார் ரூமுக்கு ஓடினேன்.

"கொழுக்கட்டையை டேட்டான்னு எழுதப் போறியா ரூத்? குப்பைல போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பி."

"நடந்ததை நடந்தபடி எழுதுவேன் சார்."

"அப்போ அளந்து போட்டுக் காட்டு. வயல்லயும் அப்படியே இருக்கணும். இல்லேன்னா கையெழுத்து கிடையாது."

அவருடைய இருபது வருடத்தை எதிர்த்து அவரிடமே கையெழுத்து. எனக்கு வாய் ரொம்ப நீளம்.

அக்டோபர் 12, ஞாயிறு

அளந்து போட்ட கம்பு, மூன்றே நாள். பன்னிரண்டில் எட்டு தயார்! கூடுதல் கொடுக்காத கூண்டுகளில் ஒன்றுகூட இல்லை. எலி ரூமில் தனியாக ஆடினேன். துரை அண்ணன் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

நவம்பர் 19, புதன்

மழை. வரப்பு வளைகளில் பிடித்த பெண் எலிகளில் ஒன்றுகூடச் சினை இல்லை. சம்பா இன்னும் கதிர் விடவில்லை. ஒரே பேஜார்.

டிசம்பர் 13, சனி

கருங்குழி. கதிர் பால் பிடித்து இரண்டு வாரம் ஆகிறது. காலையில் பொறிகளைத் திறந்தோம். பதினொரு பெண் எலிகள், ஒன்பது சினை! ஒன்பதும் ஒல்லி. விலா எலும்பு விரலில் தட்டுகிறது, அடிவயிற்றில் குட்டிகள் மணி மணியாக நெருடுகின்றன. அப்பா தகப்பனே!

சாருக்கு போன் செய்தேன். எடையைச் சொன்னேன். "ஒண்ணையும் வெளில விட்டுடாதே. நானே தொட்டுப் பார்க்கணும்."

லேப் இருக்கும் திருவிடந்தையிலிருந்து ஒன்றரை மணி நேரம். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி வந்தார். முதல் எலியை உள்ளங்கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்.

"நாலு குட்டி" என்றார். "அடுத்ததைக் கொடு."