வளையம் பிடிக்க வந்த ராஜத்துக்கு

என் ராஜம்,

நீ போய் ஒரு வருஷம் ஆயிற்று. முந்தாநாள் உன் வருஷாப்தீகம் முடிந்தது, நேற்று துக்கம் கழிக்கும் சுபம். எதிர் ஃபிளாட்காரி என்று என்னையும் கூப்பிட்டு இலை போட்டார்கள். இந்த ரேஷன் காலத்தில் உன் மாமியார் எங்கிருந்துதான் அவ்வளவு நல்ல அரிசி சேர்த்து வைத்தாரோ தெரியவில்லை. பாயசமும் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இன்னொரு கரண்டி கேட்க மனசு வரவில்லை.

நீ இல்லாத மாதுங்கா அப்படியேதான் இருக்கிறது. தாதர் பக்கம் டிராம் தண்டவாளத்தின்மேல் தார் கொட்டி மூடுகிறார்கள். உன் ஆத்துக்காரர் அதே ஒன்பது மணி லோகலுக்கு ஓடுகிறார், டிபன் டப்பாவை மட்டும் பாதி நாள் மறந்துவிட்டுப் போகிறார். உன் பெண் விஜயா காலேஜில் சேர்ந்துவிட்டாள். புடவை கட்டினால் பின்னாலிருந்து பார்க்க நீதான். சில சமயம் நான் வாய்தவறி அவளை ராஜம் என்று கூப்பிட்டுவிடுகிறேன், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

இந்தக் கடிதத்தை நம் மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் போடப்போகிறேன். "இதையெல்லாமா ஒருத்தி எழுதுவா?" என்று நாலு பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். விசில் ஊதியே வயிறு வளர்க்கும் டிரில் டீச்சர் நான், எனக்குக் கூச்சம் எல்லாம் என்றைக்கோ போய்விட்டது. உனக்குத்தான் போகவில்லை.

ரிங் டென்னிஸ் என்ற பேரையே நீ என்னிடம்தான் முதலில் கேட்டாய். ஸ்கூலில் கழித்துப்போட்ட வலையைக் கொண்டுவந்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் துணி உலர்த்தும் கம்பத்துக்கும் நடுவில் கட்டியிருந்தேன். சாயங்காலக் காபி ஆனதும் நம் பில்டிங் பெண்கள் நாலைந்து பேர் ஏறி வருவோம். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலாக எறிய வேண்டும். எதிரில் இருப்பவள் ஒரே கையால் பிடித்து உடனே திருப்பி எறிய வேண்டும். கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது, நடக்கவும் கூடாது. உன் பக்கம் கீழே விழுந்தால் பாயிண்ட் அவளுக்கு. அவ்வளவுதான் ஆட்டம். ஐந்து வயசுக் குழந்தைக்குக்கூட ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

உனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஏனென்றால் நீ மாதத்தில் மூன்று நாள்தான் எங்கள் கண்ணில் படுவாய். மற்ற நாளெல்லாம் விடிந்தால் அடுப்படி, பொழுது சாய்ந்தால் மறுபடியும் அடுப்படி. மாதவிலக்காகித் தூரமானால் உங்கள் ஆத்தில் எதையும் தொடக் கூடாது, இருக்கிற ரெண்டு ரூமில் ஒதுங்கி உட்காரவும் இடம் கிடையாது. பாயும் தட்டும் சொம்புமாக மாடிக்கு வந்து, தொட்டி நிழலில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்ப்பாய். பெண்டாட்டிகளுக்கு மாதம் மூன்று நாள் லீவு என்று எந்த ஆபீஸில் எழுதி வைத்திருக்கிறது, நீ கொடுத்துவைத்தவள் என்று உன்னைக் கேலி செய்வேன்.

"சும்மா உக்காந்து என்னடி பண்றே? வாயேன் ஆட."

"நானா? நான் தூரம்டீ. மேல பட்டா நீங்கள்ளாம் குளிக்கணும்."

"மேல எங்கடி படப்போறது? நடுவுல வலை இருக்கு. தூக்கித்தானே போடப்போறோம்!"

அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தாய். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வலைக்கு அந்தப்பக்கம் போய் நின்றாய்.

முதல் வளையத்தை உன் கைக்கு நேராகத்தான் எறிந்தேன். நீ சட்டென்று ஓரடி பின்னால் போனாய். வளையம் தரையில் விழுந்து, உருண்டு, படுத்தது. அதற்கப்புறம் பதறாமல் குனிந்து எடுத்தாய். ரெண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை நான் விசிலை ஊதிவிட்டேன்.

"கை இல்லையாடி நோக்கு? பிடியேன்!"

நீ நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாய். "கீழ வெச்சப்பறம்தானேடி எடுக்கணும்?" என்றாய்.

எத்தனையோ பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் ராஜம், இந்தத் தப்பை ஒருத்தியும் செய்ததில்லை. காபி டம்ளரோ சீப்போ, அந்த நாட்களில் உனக்கு யாரும் எதையும் கையில் கொடுத்ததில்லை. தரையில் வைப்பார்கள், நகர்ந்துகொள்வார்கள், நீ எடுத்துக்கொள்வாய். வயசுக்கு வந்த நாளிலிருந்து பழகிய கை, என் விசிலுக்கா மாறும்? மூன்றாம் மாடி குஜராத்திக்காரி குசும்பென் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அரே ராஜம்பென், ஹாத் மே பக்டோ! ஜமீன் பர் நஹீ!" கையில் பிடி, தரையில் இல்லை என்று கையைக் கையைக் காட்டினாள். நீயும் எங்களோடு சேர்ந்து சிரித்தாய். இன்று இதை எழுதும்போது எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே பஞ்சாயத்து வந்தது. நீ தொட்ட வளையத்தை எல்லோரும் தொடுகிறார்களே, தீட்டு இல்லையா என்று கீழ் ஃபிளாட் மாமி உன் மாமியாரிடம் போய்க் கேட்டுவிட்டாள். இத்தோடு உன் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். உன் மாமியார் புளி கரைத்துக்கொண்டிருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ரப்பர்தானே அது? ரப்பருக்கு ஏது தீட்டு? பஸ் டயர் ஊர்பட்ட அழுக்குல உருண்டுட்டு வரது. அதுல ஏறிண்டுதானே கோவிலுக்குப் போறோம்?"

அப்புறம் பில்டிங்கில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அந்த மனுஷியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நீ முதல் தடவையாக வளையத்தைக் காற்றிலேயே பிடித்த சாயங்காலம் நினைவிருக்கிறதா? "கோமதீ, பிடிச்சுட்டேன்டீ!" என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாய். வெச்சுக்காதே, எறி எறி என்று நாங்கள் கத்தியது உன் காதில் விழவே இல்லை. பாயிண்ட் போயிற்று. உனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க ஆளில்லை. வெண்கலப் பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து அடுப்படியில் பழகுகிறாய் என்று விஜயா வந்து சொன்னாள். புறங்கையால் தாழ்வாக வீசி, எதிராளி இல்லாத மூலையில் கொண்டுபோய் இறக்குவாய். நான் சொல்லிக்கொடுத்ததில்லை அது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், "தோசையைத் திருப்பற மாதிரிதானேடி" என்பாய்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு நீ அடிக்கடி மாடிக்கு வர ஆரம்பித்தாய்.

"என்னடி, போன வாரந்தானே வந்தே?"

"என்ன பண்றது, அதிர்ஷ்டம்!" என்று சிரித்தாய்.

நாங்களும் அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டோம். மூன்று நாள் ஐந்து நாளாயிற்று, ஐந்து நாள் ஒரு வாரமாயிற்று. குசும்பென் உன்னைப் பார்த்ததும் கை தட்டினாள். சங்கத்துப் போட்டிக்கு உன்னையும் என்னையும் ஜோடியாக எழுதிக்கொடுத்தேன். போட்டி அன்று நீ அடுப்படியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. அன்று காலை நீ பாயோடு படியேறி வந்தபோது சுவாமி கண்ணைத் திறந்தார் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எப்போது பார்த்தாலும் கறை தெரியாத அரக்குப் புடவையையே ஏன் கட்டுகிறாய் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம்.

சங்கத்து மைதானத்தில் செம்பூர்க்காரிகளை ஜெயித்தோம். கடைசி வளையம் உன் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது, போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். தரையைத் தொடுவதற்குள் நீ அள்ளி எறிந்தாய், அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கூட்டம் கத்தியது. நீ பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆடின களைப்பு, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன்.

பொங்கலுக்கு முன்னால் நீ அடுப்படியில் மயங்கி விழுந்தாய். லேடி டாக்டர் உன்னைப் பரேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். கர்ப்பப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். மழை முடிந்த கையோடு வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அங்கே பெரிய டாக்டர் சொன்னபோது உன் ஆத்துக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வார்டில் உன்னிடம் கேட்டேன். "வலிச்சுதாடீ? ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா ஆடாதேன்னுடுவே."

அது மட்டும்தான் காரணமா ராஜம்? இல்லை, பயமா? ஆத்துக்காரரிடம் எந்த வார்த்தையைச் சொல்லி ஆரம்பிப்பது என்ற கூச்சமா? உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? ஸ்கூல் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில் நீ போய்விட்டாய். நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நேற்று சுபம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மாமியார் என் ஃபிளாட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் ஆத்துப் படியை மிதித்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியைக் காட்டினேன், தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"கோமதி, ஒரு ஆத்துல இருந்துண்டு நேக்குத் தெரியாம இருக்குமோ? நாள் தப்பித் தப்பி வரதுன்னு நேக்குத் தெரியும். அவ பொய் சொல்றான்னு நெனச்சேன்."

தண்ணீர்ச் சொம்பை அவர் முன்னால் வைத்தேன்.

"வெளையாடறதுக்கோசரம் தூரம்னு சொல்லிண்டு மாடிக்குப் போறா, போகட்டும்னு விட்டேன். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அந்த அடுப்புலயே வெந்துண்டிருந்தா. அவ பொய்யை நான் ஏன் ஒடைக்கணும்? வாயை மூடிண்டு நானே சமைச்சேன். நான் அவளுக்குக் காட்டின ஒரே தயவு அதாக்கும், கேட்டயோ."

யாரும் தொடக் கூடாத மடியாக இருந்தவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் விலக்கிக்கொள்ளவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. நாலு மாமியார் படிக்கட்டும்" என்று எழுந்து போனார்.

நேற்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது ஒருத்தர் உன்னிடம் கொஞ்சம் கடுமையாக இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயே. உன் மாமியார் ஒரு நாள் சண்டைக்கு வந்து, "நிஜம்தானா?" என்று கேட்டிருக்கக் கூடாதா? எல்லோரும் உன் சந்தோஷத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றுவிட்டோம்.

இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நாங்கள் வலையைக் கட்டிக்கொண்டிருந்தபோது விஜயா பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். நீ போன பிறகு சாயங்காலச் சமையல் அவள் தலையில்தான். அவள் பின்னாலேயே மூச்சு வாங்க உன் மாமியார் படியேறி வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"விஜயா, நிஜமாவே தூரமா?"

விஜயா பாயைக் கீழே வைத்தாள். "இல்லை பாட்டி. ஆடணும்போல இருந்தது."

நான் திட்டு விழும் என்று பார்த்தேன். அவர் குனிந்து அந்தப் பாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"ஆடணும்னா எந்த நாளும் வா. அடுப்பை நான் பாத்துக்கறேன். ஆடறதுக்காகத் தூரம்னு மட்டும் இனிமே சொல்லாதேடி கொழந்தே. நீ அப்படிச் சொன்னா, நான் நம்பணும்."

ராஜம், உன்னிடம் நான் கேட்காததை இனி எல்லோரிடமும் கேட்பேன். இந்த மாடிக்கு எவள் வந்தாலும், எத்தனை நாளாக, ஏன் என்று வாய்விட்டுக் கேட்பேன். வெட்கப்பட்டால் விடமாட்டேன், தரதரவென்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவேன். உன் பெண்ணிடம் இன்றைக்கே கேட்டுவிட்டேன். அவள் தலை குனியாமல் பதில் சொன்னாள்.

உன் விஜயாவுக்குப் பெரியம்மாவாகிவிட்ட,
எதிர் ஃபிளாட் கோமதி