மதினிக்கு வந்த இன்ஹேலர்

என் பாசத்துக்குரிய மெற்றில்டா மதினி,

நேற்று தருவைகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மகள் வீடு வரை எங்கும் உட்காராமல் நடந்தேன். நம்புவீர்களா?

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்த பிறகு, துறைமுகச் சாலையில் நாம் இருவரும் இட்லிக் கடை போட்டு இருபது வருடம் விறகுப் புகையைக் குடித்தோம். பீடியே தொடாத நம் நுரையீரல் கெட்டதற்கு அதுதான் காரணம் என்றார் டாக்டரம்மா. புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள், சேருகிறீர்களா என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே மாதிரி இன்ஹேலர்; பாதிப் பேருக்கு அதில் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தூள். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். நான் வேண்டாமென்று எழுந்துவிட்டேன். நீங்கள்தான் தடுத்தீர்கள்.

"ஏளா, இரு. நமக்குக் கிடைக்காட்டியும் இன்னொருத்திக்காவது கிடைக்கும்லா?"

இரண்டாம் மாதமே நீங்கள் பாடிக்கொண்டு மாடி ஏறினீர்கள். "எனக்கு வந்தது மருந்தேதான்" என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். எனக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் மீன் கழுவிவிட்டு நான் இரைத்துக்கொண்டு நின்றபோது உங்கள் இன்ஹேலரை என் கையில் திணித்தீர்கள்.

"இத நீ வச்சுக்க. ஒன் வெறுந்தூளு எனக்குப் போதும். டாக்டரம்மாகிட்ட மூச்சு விட மாட்டேன்."

"நல்லா விடுங்க மதினி, அதுக்குத்தான மருந்து" என்று சிரித்துத் திருப்பித் தந்தேன். சோதனை கெட்டுவிடுமே என்ற பயம் எனக்கு.

சோதனை முடிந்து மூன்றே மாதத்தில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. நுரையீரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

போன வாரம் டாக்டரம்மா கூப்பிட்டார். மருந்து நிறையப் பேருக்குக் கேட்டிருக்கிறது. பிறகு யாருக்கு எது என்று எழுதியிருந்த நம் இருவருடைய தாளையும் பிரித்தார். மருந்து வந்தது எனக்கு. உங்களுக்கு வெறும் தூள்.

அழுதுகொண்டே சிரித்தேன் மதினி. எதை வைத்து அந்த மாடியை ஏறினீர்கள்? அன்று நாம் மாற்றிக்கொண்டிருந்தால்?

"ஒப்பிட்டுப் பாக்க அவங்கள மாதிரி தூளை ஒழுங்கா எடுத்தவங்க இல்லேன்னா, இது மருந்துன்னே எங்களால சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

அடுத்த சோதனைக்கு ஆள் சேர்க்கிறார்கள். தயங்கும் பெண்களிடம் பேச என்னை அழைத்திருக்கிறார். வியாழக்கிழமை போகிறேன். உங்கள் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்; நீங்கள் அடித்த பெருமையையும் சேர்த்தே சொல்வேன்.

உங்கள் கடைசி நாத்தனார்,
ரோசம்மாள்